ஊர்கூடி வரையும் சுவர்

மதுரை, சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துச் செல்லும் புரவி எடுப்பு, திருவிழா நாளில் தொடங்குவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே, ஊர் சார்பில் ஒரு கைப்பிடி மண்ணைக் குயவரான வேளார் கையில் கொடுக்கும் நாளில் அது தொடங்கிவிடுகிறது. பிடிமண் கொடுப்பது என்பார்கள். அந்த மண் கைக்கு வந்த பிறகுதான் அய்யனார் குதிரைக்கான வேலையில் வேளார் இறங்குவார். செய்வது அவர் கை என்றாலும் குதிரை ஊருடையது என்பதற்கு அந்தப் பிடிமண்தான் அச்சாரம்.

கூட்டுக்கலைக்கு நம்மிடம் இவ்வளவு பழைய வேர் இருப்பது பெருமைதான். ஆனால் அதே சடங்கை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிடிமண்ணை எடுத்துக் கொடுக்கும் கை எந்தத் தெருக்காரருடையது? முதல் மரியாதை யாருக்கு? புரவி எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தத் தெருவுக்குள் திரும்பாமல் போகிறது? ஊரே கூடி நின்றாலும், கூட்டம் கலையும்போது அவரவர் தம் பழைய இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு திரும்புவதும் உண்டு.

ஆகவே சேர்ந்து ஒரு பொருளைச் செய்துவிட்டால் மனம் தானாகச் சேர்ந்துவிடும் என்பது உண்மையல்ல. வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது, முடிவு யார் கையில் இருக்கிறது, ஒருவர் வேலை அடுத்தவர் வேலை இல்லாமல் முடியுமா முடியாதா என்பவைதான் விளைவைத் தீர்மானிக்கின்றன. இப்போது பள்ளிச் சுற்றுச்சுவரிலும் நூலகச் சுவரிலும் ஊர்க்காரர்களையே சேர்த்துக்கொண்டு படம் வரையும் முயற்சிகள் பெருகிவருகின்றன. அப்படி ஒரு சுவரை எடுத்துக்கொண்டு, ஒத்துணர்வு அதில் எந்த இடத்தில் பிறக்கிறது, எந்த இடத்தில் செத்துப்போகிறது என்று பார்க்கலாம்.

முதலில் அந்தச் சொல். ஒத்துணர்வும் இரக்கமும் ஒன்றல்ல. இரக்கம் மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்ப்பது. ஒத்துணர்வுக்கு மேடு பள்ளம் கிடையாது. அடுத்தவர் நிற்கும் இடத்தில் போய் நின்று அங்கிருந்து தெரிவதைப் பார்ப்பது அது. இந்தக் கருத்து கலையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1873-இல் ராபர்ட் விஷர் என்ற ஜெர்மானியர், ஒரு வடிவத்தைப் பார்க்கும்போது நம் உணர்வு அதற்குள் போய்க் குடியேறுவதைச் சொல்ல 'ஐன்ஃப்யூலுங்' என்ற சொல்லைக் கையாண்டார். 1909-இல் உளவியலாளர் டிட்ச்னர் அதை ஆங்கிலத்தில் 'எம்பதி' ஆக்கினார். கலைப்பொருளைப் பார்ப்பதற்கு இருந்த சொல்தான் பிறகு மனிதரைப் பார்ப்பதற்கு வந்தது.

வேலைப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு மூன்று ஆய்வுகளைச் சொன்னால் போதும். 1954-இல் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட், பிளவுபட்ட குழுக்கள் சந்தித்தால் வெறுப்பு குறைய நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்றார்: அந்த இடத்தில் சம மதிப்பு, பொதுவான இலக்கு, போட்டியில்லாத ஒத்துழைப்பு, அதிகாரத்தில் இருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு. 2006-இல் பெட்டிக்ரூவும் ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குழுக்கள் ஒன்றோடொன்று பழகுவது பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில், 1971-இல், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் அமர்த்தியபோது மூண்ட சண்டையைத் தணிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு கொடுத்தார். முழுப்பாடம் வேண்டுமென்றால் பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். சுவர் வரைவதற்கு இதைவிட நல்ல அடிப்படை இல்லை.

எந்தச் சுவர்

நம் வட்டாரத்தில் சுவர் என்பது வெறும் செங்கல் அல்ல. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பின் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுந்த சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் சுவரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "இது யாருடைய எல்லை?" என்பதுதான். ஒரு தெருவின் முகப்பிலோ ஒரு கோயிலின் பக்கவாட்டிலோ இருக்கும் சுவர் வேண்டாம். எல்லாத் தெருக்காரர்களும் ஏதோ வேலையாக வந்தே தீரும் இடம் நல்லது: அரசுப் பள்ளி, நூலகம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் தலைமையாசிரியர், ஊராட்சி அல்லது மாநகராட்சியின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதம்தான் ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிபந்தனையும்கூட.

பருவம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும். பங்குனி வெயிலும் தொடங்கியிருக்காது. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்குப் பார்த்த சுவரில் பெரும்பாலான நேரம் நிழல் இருக்கும். கிழக்குப் பார்த்த சுவர் என்றால் மதியத்துக்கு மேல் நிழல். மேற்குப் பார்த்த சுவர் கூடவே கூடாது. பிற்பகலில் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து, சுவரில் திட்டுத் திட்டாக நிற்கும். நேரத்தைக் குறிக்கும்போது பெண்களிடம் கேட்டுக் குறிப்பது நல்லது. காலை 7 மணி என்று வைத்தால் ஆண்களும் பையன்களும்தான் வருவார்கள்.

30 அடி நீளம், 6 அடி உயரமுள்ள சுவர் என்று வைத்துக்கொள்வோம். கீழ் ஒரு அடியைப் படத்துக்குத் தராமல் ஒரே கருஞ்சாயப் பட்டையாக விட்டுவிட வேண்டும். மழைத் தெறிப்பும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் முதலில் தின்பது அந்த ஒரு அடியைத்தான். மீதி 30-க்கு 5 அடிதான் படம். ஏணி, சாரம் எதுவும் வேண்டாம். பெரியவர்கள் மேலே, பிள்ளைகளும் உட்கார்ந்து வரைபவர்களும் கீழே. ஆட்கள் 24 பேர் போதும். ஊரில் பிரிந்து கிடக்கும் இரண்டு தெருவிலிருந்தும் பாதிப் பாதி, நாலு பேர் கொண்ட ஆறு குழு, ஒவ்வொரு குழுவிலும் இரு தெருவாரும்.

முதல் நாள் பிரஷ் தொடக்கூடாது

முதல் நாள் வேலை பேசுவதும் கேட்பதும்தான். தெரு மாறி இருவர் இருவராக உட்கார வைத்து, ஒரே ஒரு கேள்வி: "உங்க வீட்டிலிருந்து இந்தச் சுவருக்கு எப்படி வருவீங்க?" ஒருவர் மூன்று நிமிடம் சொல்ல வேண்டும், மற்றவர் அந்த வழியைத் தாளில் வரைய வேண்டும். வரைந்ததைச் சொன்னவர் திருத்துவார். பிறகு இடம் மாற்றம்.

இந்தக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். அதுதான் அதன் பலம். வரைபவர் தனக்குப் பழகிய நேர்த்தெருவை ஒரு கோடாக இழுத்துவிடுவார். சொன்னவர் தாளில் விரல் வைத்து, "இல்ல, நாங்க அந்தத் தெரு வழியா வரமாட்டோம், கம்மாக்கரையச் சுத்தித்தான் வருவோம்" என்பார். வரைந்தவர் ரப்பரை எடுத்துத் தன் கோட்டை அழித்து, கண்மாய்க்கரையைச் சுற்றிப் புதிதாக இழுக்க வேண்டும். ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நேர்வழி இருக்க இன்னொருவர் எவ்வளவு தூரம் சுற்றுகிறார் என்பதைத் தன் கையாலேயே வரைந்து தெரிந்துகொள்வது, ஆயிரம் முறை காதால் கேட்பதற்கு மேல்.

"உங்கள் துன்பத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பது பெரிய தவறு. அப்படிக் கேட்டால் ஒரு தெரு அழும், இன்னொரு தெரு இரக்கப்படும். மேடும் பள்ளமும் அப்படியே நிற்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, எல்லோரும் சொல்லக்கூடிய கேள்வி வேண்டும். சொன்னவர் "இது சுவரில் வேண்டாம்" என்றால் அது வராது. அதற்குக் காரணமும் கேட்கக் கூடாது.

இரண்டாம் நாள் 24 தாள்களையும் ஒரே படமாக்கும் வேலை. இங்கே ஓட்டெடுப்பு நடத்துபவர்கள் உண்டு. நடத்தினால் ஆள்கட்டு உள்ள தெரு ஜெயிக்கும். அதற்குப் பதிலாக, தன் இணையர் சொன்ன வழியிலிருந்து ஆளுக்கு ஒரு பொருளைக் கத்தரித்து எடுக்கலாம்: புளியமரம், அடிபம்பு, டீக்கடை பெஞ்சு, கண்மாய் மடை. சார்ட் தாள்களை ஒட்டி 30-க்கு 5 அங்குலம் வெட்டிக்கொண்டால் சுவரின் ஒரு அடிக்குத் தாளில் ஒரு அங்குலம் என்ற கணக்கு வந்துவிடும். அதன்மேல் துண்டுகளை நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். எந்தத் துண்டும் தனித்து நிற்கக்கூடாது, குறைந்தது இரண்டு துண்டுகளைத் தொட்டிருக்க வேண்டும் என்பது ஒரே விதி. மணிக்கணக்கில் இழுக்கும். இழுக்கட்டும், அவசரப்படுத்தினால் கெட்டது. கைகோத்து நிற்கும் பிள்ளைகள், பூமி உருண்டை, வெள்ளைப்புறா போன்ற படங்களை யாராவது முன்மொழியத்தான் செய்வார்கள். ஒருவர் பேச்சையும் கேட்காமலே வரைந்துவிடக்கூடிய படங்கள் அவை. அதனாலேயே அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வண்ணத்தில் இருக்கும் வம்பு

தென்மாவட்டங்களில் வண்ணம் வெறும் வண்ணமாக இருப்பதில்லை. மணிக்கட்டுக் கயிறு, கொடிக்கம்பம், திருவிழாத் தட்டி என எங்கும் இரண்டு, மூன்று நிறங்களின் சேர்க்கை சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர்மீது நடந்த தாக்குதலுக்குப் பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. இது தெரியாமல் வெளியூர் ஓவியர் அழகுக்காக ஓரத்தில் இழுக்கும் இருநிறப் பட்டை ஒன்று, ஒரே ராத்திரியில் அந்தச் சுவரை ஒரு தரப்பின் சுவராக்கிவிடும். கட்சிக்கொடி நிறங்களுக்கும் கோயில் மதிலின் காவி-வெள்ளைப் பட்டைக்கும் இதே கதைதான். ஓரப்பட்டை ஒற்றை நிறத்தில் மட்டும் இருக்க வேண்டும். நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் எப்படி அமைகின்றன என்பதைச் சின்னத் தாளில் பூசி, பெயின்ட் வாங்குவதற்கு முன்பே இரண்டு தெருப் பெரியவர்களிடமும் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

சுவர் வேலை

ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விட வேண்டும். உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பழைய சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் பட்டித் தகட்டால் முழுக்கச் சுரண்டாமல் விடக்கூடாது. சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் பிடிக்காது. ஆறே மாதத்தில் பத்தை பத்தையாக உரியும். புதுப்பூச்சுச் சுவர் குறைந்தது 28 நாள் ஆறியிருக்க வேண்டும்.

எக்ஸ்டீரியர் பிரைமர் 2 லிட்டர், அதன்மேல் வெள்ளை எமல்ஷன் ஒரு கோட்டுக்கு 2 லிட்டர், அடிப்பட்டைக்கு 1 லிட்டர். படத்துக்கு ஆறு நிறம். 150 சதுர அடிக்கு இரண்டு கோட்டுக்குக் கணக்குப்படி 3 லிட்டர் போதும். ஆனால் பழகாத கைகள், சிரட்டையில் காய்ந்து வீணாவது எல்லாம் சேர்த்து நிறத்துக்கு ஒரு லிட்டராக 6 லிட்டர் வாங்குவதே சரி. அடர்நிறம் வேண்டுமென்று வெள்ளையில் ஸ்டெய்னர் என்ற நிறக்கலவையை அள்ளி ஊற்றக்கூடாது. லிட்டருக்கு 30, 40 மில்லிக்கு மேல் போனால் சரியாக உலராமல் கையில் ஒட்டும். அடர்நிறங்களைக் கடையிலேயே மெஷினில் கலந்து வாங்கிக்கொள்ளலாம். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்; காவி, மஞ்சள் ஆக்சைடு போன்ற மண்நிறங்கள் நிற்கும். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு என்பதால் மூன்று கோட்டு கேட்கும்.

தாளில் உள்ள படத்தைச் சுவரில் பெரிதாக்கக் கட்டம் போடும் வேலையைக் கோலம் போடும் கைகளிடம் கொடுக்க வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. நேர்ப்புள்ளி வைத்து, அளவு பிசகாமல் ஒரு வடிவத்தைப் பெரிதாக்குவது அவர்கள் தினமும் வாசலில் செய்வது. 'ஓவியர்' என்று யாரும் அழைக்காத ஒரு பெண் 24 பேரையும் வழிநடத்தும் அரைநாள் அங்கே அமைகிறது. சம மதிப்பு என்று ஆல்போர்ட் சொன்னது வேறெதுவும் இல்லை.

நூல் அடிப்பதைக் கொத்தனார் செய்வதுபோலவே செய்யலாம். நீலப்பொடியில் தோய்த்த நூலின் இரு முனைகளை இருவர் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் நடுவில் இழுத்துச் சுண்டிவிட்டால் சுவரில் கோடு விழும். ஒருவர் முனையைத் தளர்த்தினால் கோடு கோணலாகும். அடிக்கு ஒன்றாகச் செங்குத்தாக 31 கோடு, கிடையாக 6. முப்பதடி நூல் நடுவில் தொய்யும் என்பதால் கிடைக்கோட்டைப் பத்துப் பத்து அடியாக அடிக்க வேண்டும். ஆக 49 முறை. 49 முறையும் முனை பிடிப்பவர்கள் வேறு வேறு தெருக்காரர்களாக இருக்கட்டும். "பிடிச்சுட்டீங்களா?" "பிடிச்சாச்சு, அடிங்க" என்ற அந்தச் சின்னப் பேச்சு 49 முறை நடக்கும், முறை சொல்லி அழைக்காதவர்களும் முப்பதாவது கோட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். பெயின்ட்டுக்கு முன் நீலப்பொடியை உலர்ந்த துணியால் தட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மஞ்சள் பூசும் இடமெல்லாம் பச்சையாகும்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம். சுவரை ஐந்தைந்து அடியாக ஆறு பங்கு பிரித்து, குழுவுக்கு ஒன்று என்று கொடுத்துவிடுவதுதான் வழக்கம். வேலை சுளுவாக முடியும், ஆனால் கடைசியில் நிற்பது ஒரு சுவரில் ஆறு படம். அதைவிட மோசம், "எங்க பக்கம் நல்லா வந்திருக்கு" என்ற பேச்சு. சுவரைப் பிரிக்காமல் வேலையின் கட்டங்களைப் பிரிக்க வேண்டும். கோடு வரைதல், முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு, நுணுக்க வேலை என நாலு கட்டம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எல்லாக் குழுவும் ஐந்தடி வலப்பக்கம் நகரும். கடைசியில் இருக்கும் குழு முதலுக்கு வரும். ஒவ்வொரு ஐந்தடியிலும் நாலு குழுவின் கை இருக்கும். யாருடைய கோட்டில் பூசுகிறோமோ அவரிடம் போய், "இது மடையா, பாலமா?" என்று கேட்காமல் பூச முடியாது. நிறம் கலக்கும் பொறுப்பும் குழுவுக்கு ஒரு நிறம்தான். பச்சை வேண்டுமென்றால் பச்சைக்காரர்களிடம் சிரட்டையை நீட்ட வேண்டும். நாலு பேருக்கு இரண்டு பிரஷ் மட்டும். எல்லோருக்கும் ஒன்று கொடுத்தால் ஆளுக்கொரு மூலையில் தலைகுனிந்து நிற்பார்கள்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணமுள்ளவர் அல்ல, நன்றாக வரையத் தெரிந்தவர்தான். எல்லோரும் போன பிறகு, கோணல் கோடுகளை மனம் பொறுக்காமல் அவர் திருத்திவிடுவார். மறுநாள் வந்து தன் மரம் வேறொரு மரமாகியிருப்பதைப் பார்ப்பவர் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் வரமாட்டார். வரைந்தவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் எதையும் திருத்தக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லி, எழுதியும் ஒட்டிவிட வேண்டும்.

டீ நேரத்தையும் கவனிக்க வேண்டும். இரட்டைக் குவளை இருந்த மாவட்டம் இது. காகிதக் கப் வைத்து அந்தக் கேள்வியைத் தாண்டிவிடலாம்தான்; ஆனால் ஒரே தூக்கு, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், கழுவும் முறை குழு குழுவாக மாறி வருவது என்று வைத்தால் பிரஷ் செய்யாததை டம்ளர் செய்யும். யாராவது "எனக்கு டீ வேண்டாம்" என்று ஒதுங்கினால் வற்புறுத்த வேண்டாம். மூன்றாம் வாரமும் ஒதுங்குகிறாரா என்று பார்த்தால் போதும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் இதற்கு ஒரு எல்லை உண்டு, அதை மறைக்கக்கூடாது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் சாகுயும் அவருடைய கூட்டாளிகளும் கண்டது இது: பொதுவானதை மட்டும் பேசி இனிமையாகப் பழகிய பிறகு, அதிகாரம் குறைந்த குழு மற்றவர்களிடம் நியாயத்தை எதிர்பார்க்கத் தொடங்கியது, அதிகாரம் உள்ள குழு பங்கிடும்போது அந்த நியாயத்தைச் செய்யவில்லை. இனிமை ஒரு தரப்பைத் தூங்கவைக்கும். அதனால்தான் சுவரில் கண்மாயைச் சுற்றும் அந்த நீண்ட வழி அப்படியே இருக்க வேண்டும். படத்தின் அழகுக்காக அதை நேராக்கக்கூடாது. கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரவில்லை என்றால் அதற்கான மனு தனியாக, சுவர் காய்வதற்குள் போக வேண்டும். படம் மனுவின் வேலையைச் செய்யாது. இரண்டு தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்ட மனுவாக அதை ஆக்க ஒருவேளை உதவும்.

பலன் தெரிய, முடித்த அன்று மகிழ்ச்சியா என்று படிவம் நீட்டிப் பயனில்லை. அன்று எல்லோரும் மகிழ்ச்சிதான். இரண்டு மாதம் கழித்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: "உங்க இணையர் வீட்டிலிருந்து வரும் வழியை இப்ப வரைஞ்சு காட்டுங்க." வழியில் எத்தனை திருப்பம் நினைவிருக்கிறது என்பது பொய் சொல்லாத அளவுகோல்.

மதுரையில் எந்தச் சுவரும் போஸ்டருக்குத் தப்பாது. காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி ஏதாவது ஒன்று ஒருநாள் புளியமரத்தின் மேல் ஒட்டியிருக்கும். பிய்த்து இழுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். நனைத்த சாக்கை அரைமணி நேரம் ஒட்டிவைத்து ஊறவிட்டு, மேலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். மிஞ்சிய பெயின்ட்டைத் தூக்கிப் போடாமல் நிறத்துக்குக் கொஞ்சம் எடுத்து, காற்றுப் போகாத டப்பாவில் இறுக மூடி வைத்தால் ஒரு வருடம் தாங்கும். ஆறு டப்பாவையும் பள்ளி அலமாரியில் ஒன்றாகப் பூட்டிவிடாதீர்கள். ஆறு குழுவுக்கும் ஆறு வீடு. இரண்டு தெருவிலும் மூன்று மூன்று. உரிந்த இடத்தில் மரத்தைச் சரிசெய்யப் பச்சை கேட்டு ஒரு வீட்டுக்கும் காவி கேட்டு இன்னொரு வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.